கன்னியாகுமரியில் பூக் கேட்டது

இந்தச் சித்திரையில் என் மகன் எங்களையெல்லாம் கடலோரத்து ரிசார்ட் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வேலம்பாளையத்தில் அவனுக்குப் பனியன் கம்பெனி. வருசம் பூராவும் ஷிப்மெண்ட், ஷிப்மெண்ட் என்று பறக்கிறவன், “போனை அமத்தி வெச்சுட்டு நாலு நாள் நிம்மதியா இருக்கலாம்மா” என்றான். அவன் அமத்தி வைக்கவில்லை, அது வேறு கதை. அங்கே போனால், நம்ம பஸ் ஸ்டாண்டைத் தூக்கி மணலில் வைத்த மாதிரி கூட்டம். கடலை ஒட்டியே ஒரு நீச்சல் குளம் வேறு கட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை பெரிய தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்டேன். “அது உப்புத் தண்ணிங்க” என்றாள் மருமகள். திருப்பூரில் எந்தத் தண்ணீர் உப்பில்லாமல் இருக்கிறது என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

எல்லாரும் கடலில் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள். “பாட்டிக்குப் பயம், உடு கண்ணு” என்று மகன் சிரித்தான். அந்த வார்த்தையை என் காதுபட இதுவரை யாரும் சொன்னதில்லை. புருசன் போன பிறகு இரண்டே இரண்டு மிஷினை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனியை நிலைநிறுத்தியவள் நான். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இருந்தாலும் நான் வந்தால் எழுந்து நிற்காத ஆள் எங்கள் உறவில் கிடையாது. அதனால் இதைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கடலைக் கண்டு பயமில்லை. கடலை எனக்கு முன்னமே தெரியும்.

அப்போது எனக்கு எட்டு வயசோ ஒன்பது வயசோ இருக்கும். ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருந்தோம். பெரியப்பா மூத்தவர், அடுத்தவர் என் அப்பா, அப்புறம் அத்தை, கடைசியில் சித்தப்பா. சித்தப்பா பிறந்த சூட்டிலேயே அவர்களுடைய அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் அவரை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தது அத்தைதான். அத்தையே அப்போது பாவாடை கட்டிக்கொண்டிருந்த பிள்ளையாம். ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்துவிட்டு வளர்த்தாள் என்று சொல்வார்கள்.

அத்தையைக் கட்டிய மாமன் மண்வெட்டியைத் தொடாத ஆள். திருப்பூர்க் கம்பெனிகளில் கழித்துப் போடுகிற செகண்ட்ஸ் பனியனை மூட்டையாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, சனம் கூடுகிற ஊராகப் பார்த்துப் போய் விற்றுவிட்டு வருவார். பழனி, மதுரை, ராமேசுவரம் என்று போனாலும் கன்னியாகுமரிதான் அவருக்கு ராசியான ஊர். அங்கே கடலில் குளித்தவர்கள் ஈரத்துணியோடு விறைத்துக்கொண்டு நிற்பார்களாம், பனியன் கேட்டு வாங்குவார்களாம். “கடலம்மா எனக்குக் கூட்டாளி. அவ நனைக்கறா, நான் விக்கறேன்” என்று சொல்லிச் சிரிப்பார். அப்படிப் போன ஒரு தடவை அவர் திரும்பி வரவில்லை. கூடப் போனவன் மட்டும் மூட்டையோடு வந்து நின்றான். மூட்டையைப் பாறைமேல் வைத்துவிட்டுக் குளிக்க இறங்கினார், ஒரு அலை வந்தது, அலை போனதும் ஆளைக் காணோம் என்றான். அப்பாவும் பெரியப்பாவும் ஓடினார்கள், கரையிலேயே கிடந்து பார்த்தார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காத சாவை எங்கள் சனம் சாவு என்று ஒப்புக்கொள்ளாது. தூக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை, அப்புறம் எப்படித் தாலியைக் கழற்றுவது? அத்தை பூவும் பொட்டுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். திருவனந்தபுரத்து டீக்கடையில் அவரைப் பார்த்தேன் என்று அவினாசிப் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னார். இல்லை, கொச்சியில் கல்யாணம் கட்டிக்கொண்டு இருக்கிறார் என்றார் இன்னொருவர். ஒவ்வொரு பேச்சுக்கும் அத்தை தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடப்பாள். நடக்க நடக்க, முதுகுக்குப் பின்னால் பேச்சும் கூடவே நடக்கும்.

என் அம்மாவும் அத்தையும் நாத்தனார் முறைக்கு ஒருத்தியை ஒருத்தி நங்கை என்று கூப்பிடுவார்களே ஒழிய, இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஒருத்தி துவைத்த கல்லில் இன்னொருத்தி துவைக்க மாட்டாள். “உங்க தங்கச்சி ஒல வெச்சா ஊரே கஞ்சி குடிக்கோணும், அத்தனை தண்ணி” என்று அம்மா அப்பாவிடம் சொல்வாள். “உங்க பொண்டாட்டி கொழம்பு வெச்சா கடலே தேவையில்லீங்கண்ணா” என்று அத்தை சொல்வாள். கடல் என்று வாயில் வந்துவிட்டதும் இரண்டு பேருமே சட்டென்று நிறுத்திக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும். அதனால் யார் பக்கம் என்று கேட்டால் நாய்க்குட்டி பக்கம் என்பேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவளை அலங்கரித்துக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் நிறுத்திச் செய்கிற சீர். அண்ணன் தம்பிக்குக் கல்யாணம் என்றால் அன்றைக்கு மணப்பெண்ணுக்கு அடுத்தபடி பவுசு அவளுக்குத்தான். ஆனால் அவள் சுமங்கலியாக இருக்க வேண்டும். தாலி அறுத்தவள் நிற்கக் கூடாது, எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும். கல்யாணத்தை நடத்திவைக்கிற அருமைக்காரர் வந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே பெரியப்பாவிடம் கேட்டார்: “அம்முணியை நிறுத்தறீங்களா, இல்ல பங்காளி ஊட்டுப் புள்ளையை நிறுத்தறீங்களா? எனக்கொண்ணும் இல்லீங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க கேக்கறாங்க. பூவோட இருக்கறாங்களா, பூவில்லாம இருக்கோணுமான்னு.”

அம்முணி என்று அவர் சொன்ன அத்தை உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றுபோனது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பெரியப்பா கெட்டவர் இல்லை. எதையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தால்தான் சோறு இறங்குகிற மனுசன். எங்கள் வழக்கப்படி சாமியிடம் பூக் கேட்டுவிடலாம் என்றார். வெள்ளை அரளியை ஒரு பொட்டலம், சிவப்பு அரளியை ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் மாமன் இருக்கிறார். வெள்ளை வந்தால் இல்லை. வெள்ளை வந்தால் அங்கேயே காரியம் செய்து, தாலியைக் கழற்றிவிட வேண்டியது. அதற்கப்புறம் யாரும் ஒரு பேச்சும் பேச முடியாது.

“கேளுங்கண்ணா. ஆனா நம்ம கோயல்ல வேண்டாம்” என்றாள் அத்தை.

“ஏனம்முணி?”

“நம்ம சாமி வாய்க்காலையே சரியாப் பாத்ததில்லீங்க. கடல்ல போனவரைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? அவரு போன எடத்துலயே கேளுங்க.”

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாதான், “அவ கேக்கறது நாயந்தானுங்க” என்றார். எனக்குச் சொல்லப்பட்டது, நாம் எல்லாரும் கடல் பார்க்கப் போகிறோம் என்பதுதான். பூ எடுக்கிற பிள்ளை நான்தான் என்றும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கடலைப் பார்த்த பிள்ளை ஒன்றும் கிடையாது. நான் வாரம் முழுக்கத் தலையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

தாராபுரம் வழியாக மதுரை, அங்கிருந்து நாகர்கோவில் என்று பஸ் மாறி மாறிப் போனோம். அம்மா புளிச்சோறு கட்டியிருந்தாள். எங்கள் வேலியில் பூத்த அரளியைப் பெரியப்பா ஈரத்துணியில் சுற்றிச் செம்பில் வைத்து மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தார். சொந்த மண்ணுப் பூவாக இருக்க வேண்டுமாம். அத்தை சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வழி நெடுக வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குக் குமட்டியபோது மட்டும் என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

கன்னியாகுமரியில் போய் இறங்கினால், அடேயப்பா. அத்தனை விதமான மனுசர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். பைஜாமா போட்டவர்கள், மூக்கில் பெரிய வளையம் போட்டவர்கள், மொட்டை அடித்தவர்கள், பள்ளிக்கூடத்தோடு வரிசையாக வந்த பிள்ளைகள். சங்கு மாலை, சோழி மாலை, கலர் கலராக மண் பொட்டலம். நின்றால் போட்டோ எடுக்க ஓடி வருகிற ஆட்கள். கடல் என்னமோ நான் நினைத்த மாதிரி நீலமாக இல்லை. சாம்பல் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது. மேகம் மூடிக்கிடந்தது. பொழுது இறங்குவதைப் பார்க்க வந்த கூட்டம் ஒன்றும் தெரியாமல் முணங்கிக்கொண்டிருந்தது.

பெரியப்பாவும் அப்பாவும் சத்திரத்தில் இடம் பிடிக்கப் போனார்கள். அம்மாவையும் என்னையும் ஒரு பாறையில் உட்காரச் சொல்லிவிட்டு, அத்தை சங்கு விற்கிற பெண்களிடம் ஒவ்வொருத்தியாகப் போய் ஏதோ கேட்டாள். முதல் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். மூன்றாவதாக இருந்தவள் வயசானவள், கழுத்தில் சிலுவை தொங்கியது. அவள் அத்தையை உட்காரச் சொன்னாள். பேசிக்கொண்டே மேற்குப் பக்கம் கையை நீட்டிக் காட்டினாள். அப்புறம் நெற்றியையும் நெஞ்சையும் தொட்டுக்கொண்டு, அத்தையின் கன்னத்தைத் தடவினாள். “அழாத மக்களே” என்று, மகளே என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சில் அவள் சொன்னது காற்றில் எங்களுக்குக் கேட்டது. அத்தை அழுததாகவே தெரியவில்லை. எழுந்து முந்தானையைச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஒரே கல்லில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“மேக்கால ஏதோ ஊருல கரை ஒதுங்குச்சுங்களாமா, நங்கை” என்றாள் அத்தை. “பனியன் மட்டுந்தான் ஒடம்புல இருந்துச்சாமா. முதுகுல பெருசா மச்சம் இருந்துச்சுன்னு அந்தம்மாவே சொல்றாங்க, நான் சொல்லலை. அவங்க கோயல் பக்கத்துலயே பொதைச்சுட்டாங்களாமா. பேர் தெரியாம.”

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“யாரத்தை?” என்று நான் கேட்டேன்.

“யாரோ. நீ கடலைப் பாரு” என்றாள் அம்மா.

நான் கடலைப் பார்த்தேன். மாமனுக்கு முதுகில் மச்சம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் எங்கள் வீட்டில் சட்டையைக் கழற்றினதே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை சொன்னாள்: “போனவரு போயிட்டாரு. அது எனக்கு மூட்டை வந்த அன்னைக்கே தெரியும். நாளைக்கு வெள்ளை வரும், வரட்டும். இந்தப் பையனை நெனச்சாத்தான்... ஈரத்துணியைப் புழிஞ்சு புழிஞ்சு வளத்தேனே. அவன் மணவறையில நிக்கறப்போ நான் தொலைவுல நின்னு பாக்கோணுமா நங்கை?” அதற்குமேல் அவளால் முடியவில்லை. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள்.

அம்மா ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். “சரி எந்திரிங்க, ஈரம் ஏறுது” என்றாள். அம்மா இப்படித்தான், கல்மனசுக்காரி என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் விடியக் காலையில், சூரியன் வருகிறதைப் பார்க்கக் கூட்டம் கரையில் முண்டியடிக்கிற நேரத்தில், நாங்களும் போனோம். அன்றைக்கும் மேகம். பெரியப்பா ஒரு தட்டையான பாறையைக் கழுவி, மஞ்சள் பிடித்துப் பிள்ளையார் வைத்தார். குங்குமம் வைத்துச் சூடத்தைப் பற்ற வைத்தால் காற்று அணைக்கிறது. மறுக்காப் பற்ற வைத்தால் மறுக்கா அணைக்கிறது. சூரியன் வராத கோபத்தில் இருந்த கூட்டத்துக்கு இது ஒரு வேடிக்கையாகப் போய்விட்டது. வடக்கத்திப் பெண் ஒருத்தி வந்து எங்கள் பிள்ளையாரை விழுந்து கும்பிட்டுக் குங்குமத்துக்குக் கையை நீட்டினாள். பெரியப்பா கொடுத்துத் தொலைத்தார். அவளுக்குப் பின்னால் அவளுடைய பஸ்ஸே வரிசையில் நின்றுவிட்டது. சாமி காரியத்தில் குங்குமம் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. தாலியை வைப்பதா எடுப்பதா என்று கேட்க வந்த மனுசன், வேர்வை ஒழுக ஒழுகத் தெரியாத சுமங்கலிகளுக்கெல்லாம் குங்குமம் கொடுத்துக்கொண்டு நின்றார். போட்டோக்காரன் ஒருவன் வந்து, “சார், குடும்பத்தோட ஒரு ஸ்டில்?” என்றான். அப்பா அவனை முறைத்த முறையில் அவன் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டான்.

ஒருவழியாகக் கூட்டம் கலைந்ததும், பெரியப்பா பூவையும் வாழையிலைத் துணுக்கையும் அம்மா கையில் கொடுத்தார்.

“நீ கட்டு சாமி. உனக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். நீ கட்டுனா நாளைக்கு ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான்.”

அதுதான் எங்கள் பெரியப்பாவின் நியாயம். அம்மா பாறைக்கு அந்தப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினாள். பனியன் நூலைத்தான் கயிறாகச் சுற்றினாள். எங்கள் பக்கம் எதைக் கட்டவும் அந்தக் கழிவு நூல்தான். திரும்பி வந்து இரண்டு பொட்டலத்தையும் அப்பாவின் துண்டில் போட்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் பிள்ளையார் முன்னால் கொட்டினார்.

“எடு கண்ணு” என்றார் பெரியப்பா.

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு காற்றில் வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் என்னை நேராகப் பார்த்தாள். எதையானாலும் எடு என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. காற்றுக்கு ஒரு பொட்டலம் உருண்டது. அதுதான் கூப்பிடுகிறது என்று எனக்குப் பட்டது. அதை எடுத்துக் கொடுத்தேன்.

பெரியப்பா நூலைப் பிரித்தார். சிவப்பு.

அப்பா அப்படியே மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பெரியப்பா அந்தப் பூவைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அவர் வெள்ளைக்குத் தயாராக வந்த ஆள். காரியத்துக்கு வேண்டிய சாமான் எல்லாம் அவருடைய பையில் இருந்தது. கடைசியில், “சாமி சொல்லிப்போட்டுது. இனி ஒருத்தன் பேசப்படாது. அம்முணிதான் இணைச்சீருக்கு நிக்கறா” என்றார். அத்தை அப்போதுதான் திரும்பினாள். பெரியப்பாவைப் பார்க்கவில்லை, சாமியைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அம்மா மீந்த பொட்டலத்தை எடுத்துச் சட்டென்று மடியில் சொருகிக்கொண்டு, “இதைத் தண்ணில உட்டுட்டு வாறோம்” என்றாள்.

எனக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் பட்டது? மாமன் உயிரோடு இருக்கிறார்! அதுவும் நான் எடுத்த பூ சொல்லியிருக்கிறது. உயிரோடு இருக்கிறவர் இந்த ஊரில்தானே இருக்க வேண்டும்? பெரியவர்கள் எல்லாரும் அழுதுகொண்டு நிற்கிறார்களே ஒழிய ஒருத்தராவது தேடவில்லையே என்று, நான் கூட்டத்துக்குள் புகுந்தேன். பனியன் போட்டு முதுகு காட்டி நின்றவர்கள் எல்லாருடைய முகத்தையும் முன்னால் போய்ப் பார்த்தேன். கரையில் பாதிப் பேர் பனியன்தான். வேர்க்கடலை விற்கிறவர், குதிரைக்காரர், பிள்ளையைத் தோளில் வைத்திருந்தவர். ஒருத்தருடைய வேட்டியைப் பிடித்து “மாமா” என்று இழுத்தே விட்டேன். அவர் திரும்பி, தெரியாத பாஷையில் ஏதோ கேட்டு, கையில் ஒரு துண்டு மாங்காய் கொடுத்தார். மாங்காயைத் தின்றுகொண்டே மறுபடியும் தேடினேன்.

அப்படித் தேடிக்கொண்டே போனவள்தான், கூட்டம் குறைந்த ஒரு மூலையில், அம்மாவும் அத்தையும் முழங்கால் தண்ணீரில் நிற்பதைப் பார்த்தேன். அம்மா மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து வீசினாள். அலை அதை வாங்கவில்லை. திருப்பி என் காலடியில் கொண்டுவந்து போட்டது. நூல் அவிழ்ந்து இலை விரிந்துகிடந்தது. அதற்குள்ளேயும் சிவப்பு.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இரண்டிலும் சிவப்பு என்றால் மாமன் இருப்பது இரண்டு தடவை உறுதி என்றுதானே அர்த்தம்? நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, “அம்மா, இதுவும் செகப்பும்மா!” என்று கத்தினேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். “சத்தம் போடாத சாமி. இது நம்ம மூணு பேருக்குந்தான்” என்றாள். பூவை என் கையிலிருந்து வாங்கி, கசக்கி, தண்ணீருக்குள் அமுக்கி விட்டாள்.

அப்புறம் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் அரிசி இருந்தது. பெரியப்பாவின் பையிலிருந்து எடுத்திருப்பாள். அதை அத்தையின் கையில் கொட்டி, “வாங்க நங்கை, ஆளு வர்றதுக்குள்ள” என்றாள். அத்தை கையைப் புறமாகத் திருப்பி, அரிசியைத் தண்ணீரில் விட்டாள். ஒரு தடவை, இன்னொரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. விடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாயைத் திறக்காமல் அழுதாள். அம்மா அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலை வந்து இரண்டு பேரையும் ஒன்றாக ஆட்டியது.

மீனுக்குத்தான் தீனி போடுகிறார்கள் என்று நினைத்து, நானும் கேட்டேன். “நீ போடப்படாது” என்றாள் அம்மா. எனக்கு முகம் சுண்டிப்போனது. எத்தனையோ வருசம் கழித்து, என் புருசனைக் கட்டையில் வைத்தபோது, கையைத் திருப்பி வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்தது. இந்தச் சித்திரையில் நான் கடலில் காலை வைக்க மறுத்தது அதற்காகத்தான். மனுசனுக்கு அரிசி போட்ட இடத்தில் குதித்து விளையாடுவார்களா?

முகத்தைக் கழுவிக்கொண்டு, அம்மா தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு அத்தைக்குப் புதிதாகப் பொட்டு வைத்துவிட்டாள். திரும்பி ஊர் வந்ததும் இரண்டு பேரும் பழையபடியே உப்புக்கும் துவைக்கிற கல்லுக்கும் சண்டை போட்டார்கள். சாகும்வரைக்கும் போட்டார்கள்.

கல்யாணத்தன்றைக்கு அத்தை நின்ற நிலையைச் சொல்ல வேண்டும். அரக்குப் பட்டு, தலைகொள்ளாத பூ. சித்தப்பா பக்கத்தில் அவள் போய் நின்றதும் பெண் வீட்டுக்காரர்களே எழுந்து பார்த்தார்கள். சித்தப்பா குனிந்து அவள் காலைத் தொட்டபோது மேளக்காரர்கூட வாசிப்பை ஒரு கணம் விட்டுவிட்டார். அத்தை அழவில்லை. நேராக நின்றாள். இந்தக் கழுத்து நிமிர்வு எனக்கு அவளிடமிருந்துதான் வந்தது.

நான் அன்றைக்கு வேறு ஒரு வேலையில் இருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஒரு இலை பிடித்து வைத்திருந்தேன். பங்காளி, சம்பந்தி என்று யார் வந்து உட்காரப் பார்த்தாலும், “எங்க மாமன் வாறாரு, அவருக்கு” என்று விரட்டினேன். அக்கா புருசன் இல்லாத கல்யாணமா? சிவப்புப் பூ இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. எப்படியும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார் என்று எனக்கு நிச்சயம். பரிமாறுகிறவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர், “எந்த மாமன் கண்ணு?” என்று கேட்டார். சத்தமாகச் சொன்னேன். அந்த வரிசையே திரும்பி என்னைப் பார்த்தது.

அத்தை எங்கிருந்து பார்த்தாளோ, வந்துவிட்டாள். அந்த இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பட்டுச் சேலையோடு அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து, “போடுங்க” என்றாள். சோறு போட்டார்கள். பருப்பு, நெய், ரசம் என்று எல்லாவற்றையும் தின்றாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அம்மா எங்கிருந்தோ விசிறியோடு வந்து, பின்னால் நின்று அவளுக்கு மட்டும் வீசினாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வருகிற மனுசனுக்கென்று போட்ட இலை. ஒரு நாழிகை பொறுக்க முடியவில்லையே இவளுக்கு. கட்டின புருசன் மேல் இத்தனைதான் பாசமா? சாயங்காலம் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. மண்டபத்து வாசலில் போய் நின்றுகொண்டேன். ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் எட்டி எட்டிப் பார்த்தேன். இத்தனை பெரிய குடும்பத்தில் மாமனுக்காகக் காத்திருப்பது நான் ஒருத்திதான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.